குட்டி வீடு வந்து சேர்ந்ததா?

போன ஐப்பசியில் என் அக்கா ஜெயராணி காய்ச்சலில் இறந்துபோனாள். உங்களில் பலர் அடக்கத்துக்கு வந்திருந்தீர்கள். அவள் மகள் அமலி நான்காம் வகுப்புப் படிக்கிறாள். அன்று அவள் அழவில்லை. அதற்குப் பிறகு பேச்சும் குறைந்துபோனது. எதைக் கேட்டாலும் ஒரு ‘ம்’ மட்டும்தான்.

முன்பெல்லாம் சாயங்காலம் அக்கா அவளைக் கதைப்புத்தகம் வாசிக்கவைத்து, அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். அதுவும் நின்றுபோனது. தை முடிவதற்குள் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

“கோயில்ல வாசகம் வாசிக்கிற மாதிரி கணீர்னு வாசிக்கிறா. என்ன வாசிச்சேன்னு கேட்டா முழிக்கிறா. இப்படியே விட்றாதீக.”

தேனியில் ஒரு மில்லில் இயந்திரங்களைச் சோதிப்பது என் வேலை. வரிசையாகச் சோதித்தால் கோளாறு பிடிபட்டுவிடும். சாயங்காலம் அமலியை வாசிக்கவைத்து, கதையையும் அப்படியே கேட்டேன். யார் வந்தது? எங்கே போனது? ஏன் போனது? அமலி தலையைக் குனிந்துகொள்வாள்.

அமலியின் அப்பா, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிற மச்சான், ஒருநாள் என்னிடம், “என்ன பாப்பா, போலீஸ் ஸ்டேஷன்ல விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிற?” என்று சிரித்தார். அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

கோயில் வளாகத்தில் மாதா சுரூபம் இருக்கும் கெபியில் முழந்தாளிட்டு அழுதேன். ‘ஆண்டவரே, அக்காவை எடுத்துக்கொண்டீர். இந்தப் பிள்ளையையாவது திருப்பித் தாரும்.’ அன்று பதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம், சந்தையில் தாயைத் தவறவிட்ட ஆட்டுக்குட்டியின் கதையை அமலி வாசித்தாள். பாதிக்கதையில் மச்சான் ஜீப்பை ஓரங்கட்ட எழுந்து போனார். திரும்பி வந்து சோற்றில் கை வைத்தவர் கேட்டார்.

“ஏத்தா, அந்தக் குட்டி என்னதான் ஆச்சு? வீடு வந்து சேந்துச்சா இல்லையா?”

அவருக்கு நிஜமாகவே தெரியாது. நான் கேட்டதெல்லாம் எனக்கு விடை தெரிந்த கேள்விகள்.

அமலி அவரையே பார்த்தாள். “வந்துருச்சுப்பா. தாய் ஆடுதான் வரல. அத வித்துட்டாக. இனிமே அந்தக் குட்டி என்னப்பா செய்யும்?”

“தெரியலையேத்தா” என்று மச்சான் சோற்றுக் கையோடு அவளை அணைத்துக்கொண்டார். அப்போதுதான் அமலி அழுதாள். அக்கா போனபின் அவள் அழுத முதல் அழுகை. நாங்களும் அழுதோம்.

அதுதான் எனக்கு வந்த பதில். வலி ஆறவில்லை. ஆனால் இப்போது மூவரும் சேர்ந்து வாசிக்கிறோம். எனக்குத் தெரியாததை மட்டும் கேட்கிறேன். அமலி எங்களையும் கேள்வி கேட்டு மடக்குகிறாள். நேற்று புத்தகத்தை மூடிவிட்டு, “சித்தி, இதுக்கு அம்மா என்ன சொல்லிருக்கும்?” என்றாள்.

“தெரியலடி. நீ சொல்லு.”

சொன்னாள். அக்கா சொல்வதைப் போலவே இருந்தது.

உங்கள் வீட்டிலும் வாயடைத்துப்போன ஒரு பிள்ளை இருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு ஒரு புத்தகத்தோடு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்களுக்கு முன்பே அவர் அங்கே உட்கார்ந்திருப்பார்.