முப்பது குழி அட்டை

என் மனைவி மூன்றாம் முறை ஆங்கிலத் தேர்வு எழுதத் தயாரானபோதுதான் நான் சொற்களை அட்டையில் அடுக்கத் தொடங்கினேன். அவள் நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினெட்டு வருடமாக நர்ஸ். பெரும்பாலும் இரவுப் பணி. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று அவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. மார்கழி முடிவதற்குள் தேர்ச்சிச் சான்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். "முழங்கால் சொன்ன பேச்சு கேக்கறப்பவே போயரணுங்க" என்பாள். இரண்டு முறை தவறியிருந்தாள்.

எனக்கு முட்டை வியாபாரி ஒருவரின் கிடங்கில் இருப்புப் பதிவு வேலை. முட்டை அட்டைக்கு முப்பது குழி. ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. ஒரு குழி காலியாக இருந்தாலும் எண்ணிக்கை தப்பும் என்பதால் நிரப்பாமல் எந்த அட்டையையும் அடுக்கில் ஏற்றமாட்டோம். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை பார்த்த கைக்கு வேறு விதம் தெரியவில்லை. காகித அட்டையில் ஐந்துக்கு ஆறு கட்டம் போட்டேன். ஓர் அட்டைக்கு இரண்டு எழுத்து. முதல் அட்டை எஸ், டபிள்யு. அந்த இரண்டில் தொடங்கும் சொற்களை அகராதி வரிசையில் எழுதி, கீழே தமிழில் பொருள் எழுதினேன். ஸ்வாப், ஒற்றியெடுக்கும் பஞ்சு. ஸ்வாடில், குழந்தையைத் துணியில் சுற்றுதல். ஸ்வாலோ, விழுங்குதல். ஸ்வெட், வியர்வை. ஸ்வெல், வீங்குதல். ஸ்வூன், மயங்குதல். நர்ஸுக்கு வேண்டியவை ஆறு தேறின. மிச்சம் இருபத்துநான்கு கட்டத்தையும் அகராதியைப் பார்த்து நிரப்பினேன். இப்படிப் பதினாறு அட்டைகள்.

காலை ஏழு நாற்பதுக்குப் புதுச்சத்திரத்தில் பஸ் இறங்கி வருவாள். குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கணுக்காலில் காலுறையின் தடம் பதிந்திருக்கும். எட்டரைக்கு நான் கிளம்பும்வரை பாடம்.

"ஏனுங்க, ஸ்வான்னா என்னுங்க?"

"அன்னம்."

"அன்னத்துக்கு நா எங்கீங்க ஊசி போடப் போறேன்?"

"ஒரு குழி காலியா இருந்துச்சு அம்மிணி."

"உங்க கோழிக கிட்டச் சொல்லி அதுல ஒரு முட்டைய வெக்கச் சொல்லியிருக்கலாமுங்களே."

சிரித்தாள், ஆனால் படித்தாள். கண்ணை மூடிக்கொண்டு முதல் குழியிலிருந்து முப்பதாவது வரை வரிசை பிசகாமல் சொல்வாள். நான் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடிப்பேன். நடுவில் தூங்கிவிட்டால் எழுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடங்கவைப்பேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

ஐப்பசியில் கோவையில் தேர்வு. நானும் கூடப் போனேன். மாலையில் வெளியே வந்தவள் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். திரும்பும் பஸ் சங்ககிரியில் டீக்கு நின்றது. வரிசையாக லாரிகள் நின்ற இடத்தில், கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பேச்சுத் தேர்வுல, தேர்வு வெக்கற அம்மா நோயாளியோட மக மாதிரி நடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அம்மாளுக்குக் கால் வீங்கியிருக்குது, தூக்கி வெக்கோணும்னு நா எடுத்துச் சொல்லோணும். அஞ்சே நிமிசம். ஸ்வெல்லிங்ங்கற வார்த்தை வரலீங்க."

"அது மூணாவது வரிசைல நாலாவது குழியாச்சே?"

"அதேதானுங்க. மேலிருந்து எண்ணிக்கிட்டு வந்தேன். சதுப்பு நிலம் வருது, அன்னம் வருது, பகட்டு வருது. நா அங்க போய்ச் சேர்றதுக்குள்ள அந்தம்மா கடியாரத்தப் பாத்துட்டாங்க."

நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"பதினெட்டு வருசமா டாக்டர்கிட்ட தினம் சொல்ற வார்த்தைங்க. ஸ்வெல்லிங் இருக்கு சார், ஸ்வெல்லிங் கொறஞ்சிருச்சு சார்னு. அது என்னுதா இருந்துச்சு. அட்டையில வெச்சதுக்கப்புறம் எண்ணித்தான் எடுக்க வருது."

கண்டக்டர் விசில் அடித்தார். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். சேலம் வரும்வரை மனதுக்குள் பதினாறு அட்டைகளையும் திருப்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள் எத்தனை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

படித்தல், கேட்டல், எழுதுதல் மூன்றும் தேறி, பேச்சு மட்டும் தவறியதாக முடிவு வந்தது. கார்த்திகைக் கடைசியில் இன்னும் ஒரு தேதி இருந்தது. அதை விட்டால் மார்கழிக்குள் சான்று வராது. அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்து, வேண்டாத சொற்களை வெட்டி எடுக்க உட்கார்ந்தேன். பார்த்துவிட்டுக் கத்தரியை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"ஒண்ணுஞ் செய்யாதீங்க சாமி. நா பேசறேன், நீங்க கேளுங்க. பென்சிலக் கையில எடுக்கக் கூடாது."

அதன்பிறகு காலையில், முந்தின இரவு வார்டில் நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். ஏழாம் படுக்கைக்காரர் கஞ்சி வேண்டாமென்று தட்டைத் தள்ளியது, புது டாக்டர் கண்ணாடியைத் தேடியது. முன்பின்னாக வரும். நடுவில் கொட்டாவி. பாதி எனக்கே புரியாது. கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பது கிடங்கில் நாள் முழுக்க நிற்பதைவிட அசதியாக இருந்தது. ஒருநாள் பேச்சோடு பேச்சாக ஸ்வெல்லிங் என்றாள். சொன்னதை அவள் கவனிக்கவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தத் தேர்வுக்குத் தனியாகவே போய்வந்தாள். தேறிவிட்டாள், வேண்டிய அளவுக்கு மேல் ஒரு புள்ளி கூட இல்லை. தை கடைசியில் பயணம். இரண்டு வருட ஒப்பந்தம்.

நேற்று அட்டைகளைப் பழைய காகிதத்தோடு கட்டிக்கொண்டிருந்தேன். இரவுப் பணி முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே பார்த்தாள்.

"அந்த அன்னம் இருக்கறத மட்டும் எம் பொட்டில வெச்சுருங்க."

உருவி எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். அவள் குளிக்காமலேயே படுத்துவிட்டாள். எட்டரைக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கிடங்குக்குக் கிளம்பினேன்.