எட்டுப் பேர் விட்ட கயிறு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் பக்கிரிசாமியைத் தெரியாதவர் கிடையாது. ஆள் ஒன்றும் மலை மாதிரி இருக்க மாட்டார். தோள் மட்டும் அகலம். தண்டவாளம் ஏறி ஏறி வலது தோளில் காய்ப்புப் பிடித்திருக்கும். தண்டவாளம் தூக்கும் எட்டுப் பேர் கொண்ட கூட்டத்தில் அவர்தான் கடைசி ஆள்.

அந்த எட்டுப் பேரும் தூக்குவதும் நடப்பதும், அவர்களை மேய்க்கும் மேஸ்திரியான மண்டோரின் குரலுக்குத்தான். "விடு!" என்று அவர் கத்தினால் எட்டுப் பேரும் ஒரே நொடியில் விட வேண்டும். ஒருவன் பிந்தினாலும் தண்டவாளம் திரும்பி யாருடைய காலையாவது வாங்கிவிடும். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதுமே கை விட்டுவிடும். யோசிக்க நேரமே இருக்காது. இது நன்றாகத் தெரிந்த ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருந்தார். தலைமைக் கிராணி ராதாகிருஷ்ணன். லைன் ஓரமாக இரண்டு வருடம் சாமான் கணக்குப் பார்த்தவர். நான் அவருக்குக் கீழே கணக்கெழுதும் சின்னக் கிராணி.

ரயில்வே விளையாட்டு விழாவில் கூலிகளுக்கு அதுவரை ஒரே வேலைதான், பெஞ்சு சுமப்பது. 1927இல் புதிதாக வந்த துரை, கயிறு இழுக்கும் போட்டியில் அவர்களையும் சேர்த்தார். "கடைசி வரை நின்று காட்டட்டும், வருடா வருடம் இடம் தருகிறேன்" என்றார். பக்கிரிசாமி ஒரு மாதம் வேலை முடிந்து வந்து, மரத்தில் கயிற்றைக் கட்டி ஏழு பேரையும் இழுக்க வைத்தார். கோப்பை அவருக்குப் பெரிதில்லை. தன் ஆட்கள் பெஞ்சு சுமக்காமல் திடலுக்குள் நடந்து போக வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டும்.

போலீஸ்காரர்களையே இழுத்துக் கவிழ்த்துவிட்டுக் கடைசிப் போட்டிக்கு வந்தார்கள். எதிரே எங்கள் கிராணிமார், தின்று கொழுத்த எட்டுப் பேர். ஒரே இழுப்பில் முடிவு. பக்கிரிசாமி கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைசியில் நின்றார். கிராணிமார் அங்குலம் அங்குலமாக நகர்ந்து வந்தார்கள். அவர்களின் முதல் ஆளுடைய பூட்ஸ் நடுக்கோட்டைத் தொட இன்னும் ஒரு சாண்தான்.

அப்போது, வேடிக்கை பார்ப்பவர்களின் கூடாரத்து ஓரமாக நின்ற ராதாகிருஷ்ணன் மண்டோரின் குரலை அப்படியே எடுத்து, "விடு!" என்று கத்தினார்.

எட்டுப் பேரின் கைகளும் விட்டுவிட்டன. இடுப்பில் சுற்றியிருந்ததால் கயிறு பக்கிரிசாமியை மட்டும் தரதரவென்று புல்லில் இழுத்துக்கொண்டு போனது. கூடாரமே விழுந்து விழுந்து சிரித்தது. இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வயிறெல்லாம் தோல் உரிந்து, துரை முன்னால் வந்து நின்றார் பக்கிரிசாமி.

"தொர, அது எங்க மண்டோர் குரலு. கேட்டா கை தானா விட்டுரும். இந்தக் கிராணி ஐயாதான் கத்துனாரு. மறுபடி இழுக்கச் சொல்லுங்க தொர."

துரைக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க முன்னால் வந்தவர் யார்? அதே ராதாகிருஷ்ணன்! கை வலித்ததாம், அதனால் பாதியில் விட்டுவிட்டார்களாம். அதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு மொழியும் புரிந்த நான் நாலடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். கோழை, வேறென்ன சொல்ல? பாதியில் விடுகிறவர்களுக்கு அடுத்த வருடம் இடமில்லை என்று துரை முடித்துவிட்டார்.

பக்கிரிசாமியின் மனைவி நல்லம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ராதாகிருஷ்ணனை மறித்தாள்.

"நீங்க சோறுதானே திங்கிறீங்க, ஐயா? அந்தச் சொல்லுலதான் இவங்க உசுரு இருக்கு. அதை வச்சா வெளையாடுவீங்க?"

"வெளையாட்டுதானேலா, போ போ" என்றார் அவர்.

அடுத்த வருட விழாவில் பக்கிரிசாமி பழையபடி பெஞ்சு சுமந்தார். கடைசிப் போட்டிக்கு மறுபடியும் கிராணிமார்தான் வந்திருந்தார்கள். எதிரே ஸ்டேஷன் ஆட்கள். இழுப்பு பாதியில் இருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பக்கிரிசாமி, மண்டோரின் குரலிலேயே நெஞ்சு வெடிக்கிற மாதிரி கத்தினார்.

"விடு!"

கிராணிமாரில் ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் எந்தக் காலத்தில் தண்டவாளம் தூக்கினார்கள், அந்தச் சொல்லுக்குப் பயப்பட? இழுத்து ஜெயித்தார்கள்.

ஆனால் திடலின் ஓரத்தில் தடாலென்று ஒரு சத்தம் கேட்டது. பரிசு வைக்கும் தேக்கு மேசையைச் சுமந்து வந்த ஆறு பேர் அதை அப்படியே போட்டுவிட்டார்கள். மேசைக்கால் ஒடிந்து கிடந்தது. ஆறு பேரும் பக்கிரிசாமியின் ஆட்கள். கையை விரித்தபடி, மண்டோர் எங்கே என்று தேடிக்கொண்டு நின்றார்கள்.

போன வருடம் வயிறு உரிந்து புல்லில் கிடந்தபோது அழாத மனிதர், அந்த ஆறு பேரைப் பார்த்து வாய்விட்டு அழுதார்.