யார் முன்னால் சாப்பிட்டார்

என் கணவர் போனில் சிரித்ததைக் கேட்ட அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்காமல் போனது. வீட்டில் ‘ம்’, ‘வச்சிடு’, ‘அப்புறம் பாக்கலாம்’ என்று சொல்லியே இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷர். அன்று சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் மூலையில் நின்றுகொண்டு, “நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்” என்று குழைகிறார். நான் சொன்னதை ஒரு நாளாவது சரி என்று சொல்லியிருப்பாரா? கையிலிருந்த ஈரத் துண்டை நான் பிழிந்த பிழியில் அது கிழியாமல் இருந்ததே பெரிய விஷயம்.

அந்தப் பெண் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். வேலையிடத்தில் அடிபட்டவர்களைத் திரும்ப வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவள் வேலை. டாக்டரிடம் பேசுவாள், கம்பெனியிடம் பேசுவாள், அடிபட்டவரிடமும் பேசுவாள். இவரிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே பேசினாள் என்பது என் கட்சி.

இவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். பஸ்ஸுக்கு அடியிலிருந்து கழற்றிய ஒரு கனத்த இரும்புப் பாகம் நழுவி வலது கைமேல் விழுந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து கட்டைப் பிரித்தபோது விரல்கள் எல்லாம் இருந்தன. ஆனால் மடங்கவில்லை. தாதி ஒரு கரண்டியைக் கொடுத்து இடது கையால் சாப்பிடச் சொன்னாள். “பீச்சாங்கையால சோறு திங்கறதுக்குப் பட்டினி கிடக்கலாம்” என்று தட்டைத் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து மூன்று வேளையும் நான்தான் பிசைந்து ஊட்டினேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஷிப்ட், எனக்குப் பாலர் பள்ளியில் உதவியாளர் வேலை. உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்ட நாள் குறைவு. இப்போது மார்சிலிங்கில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டு மேசையில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து வாயைத் திறக்கிறார். ரசத்துக்கு அப்பளம் நொறுக்கிப் போட்டால் பிடிக்கும் என்பதையே அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பாலர் பள்ளியில் குழந்தைகள் கீழே சிந்தினாலும் தாங்களே சாப்பிட வேண்டும் என்பது கண்டிப்பு. அந்தக் கண்டிப்பெல்லாம் என் வீட்டு வாசலோடு சரி.

அந்தப் பெண்ணை முதல் தடவை பார்க்கப் போனபோது நானும் கூடவே உட்கார்ந்தேன். நீலச் சட்டை, பின்னிப் போட்ட முடி, என் மகள் வயதுதான் இருக்கும். “வலி எப்படி இருக்குண்ணே?” என்றாள். “எங்க குறையுதும்மா, ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கறாரு” என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, “அக்கா, அண்ணே சொல்லட்டும்” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய அடி அடுத்து விழுந்தது. “காலையில தண்ணி பட்டா விரல் நுனியெல்லாம் நெருப்பு வச்ச மாதிரி இருக்கும்மா” என்று இவர் கடகடவென்று சொல்கிறார். தினமும் அந்தக் கைக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு அவளும் இவரும் டிப்போவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவருடைய டூல்பாக்ஸில் எந்த ஸ்பேனர் எங்கே இருக்கும் என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அந்த டிப்போவின் கேட்டைக்கூடத் தாண்டியதில்லை. மகராசி, ஒரே நாளில் உள்ளே போய்விட்டாள்.

வேலையைக் குறை சொல்ல முடியாது. சூப்பர்வைசரிடம் உட்கார்ந்து பேசி, தூக்குவது திருப்புவது இல்லாமல், பழுதுபார்த்த பஸ்களை வெளியே விடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் வேலையை வாங்கிக் கொடுத்தாள். முதலில் அரை நாள், அப்புறம் முழு நாள். டாக்டர் சரி என்றார். சூப்பர்வைசரும் சரி என்றார். இவர் மட்டும், “அடுத்த வாரம் பாக்கலாம்” என்றார். அடுத்த வாரம் வந்ததும் அதற்கு அடுத்த வாரம். கடைசியில் சூப்பர்வைசரே போன் செய்தார். “இந்த மாசக் கடைசிக்குள்ள வந்துடுங்க. இல்லேன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. எனக்கு வேற வழி இல்ல லா” என்றார் பாவம்.

அந்த வேலையும் போய்விட்டால் இந்த வயதில், இந்தக் கையோடு, யார் இவரைச் சேர்த்துக்கொள்வார்கள்? கேட்டேன், கத்தினேன், அழுதும் பார்த்தேன். சுவரோடு பேசியிருக்கலாம். ஆனால் அவள் போன் வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். காரணம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்து நினைத்து வெந்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுத் தேக்கா சந்தைக்குப் போனேன். இவர் சிகிச்சைக்குப் போயிருந்தார். சூப் வைத்துக் கொடுத்தால் கைக்குத் தெம்பு வருமே என்று ஆட்டு எலும்பும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு, சாப்பாட்டுக் கடை வரிசையோடு நடந்து வருகிறேன். ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கணவர். எதிரே அந்தப் பெண். அவர் முன்னால் இலை.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கையால்.

சோறு பாதி வாய்க்குப் போனது, பாதி சட்டையில் விழுந்தது. கட்டைவிரலும் அடுத்த விரலும் சேர மாட்டாமல் சேர்ந்து, நடுங்கி, ஒரு கவளத்தை எப்படியோ தூக்கின. பக்கத்து மேசைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். இவர் தலை நிமிரவில்லை. அவள் பாட்டுக்குத் தன் இலையில் சாப்பிட்டுக்கொண்டே ஏதோ சொன்னாள். இவர் சிரித்தார். சாம்பார் வழிய வழியச் சிரித்தார்.

வேறு எதைப் பார்த்திருந்தாலும் இப்படி வலித்திருக்காது. காலையில்தான் இந்த வாய்க்கு இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கை அசையும் என்றே எனக்குத் தெரியாது. உள்ளே போய் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும். கேட்கிறவள்தான் நான். ஆனால் அன்று எலும்புப் பையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அவளை மனதுக்குள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் வழக்கம்போல் சோற்றைப் பிசைந்தேன். வழக்கம்போல் அவர் வாயைத் திறந்தார். நான் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன்.

“மத்தியானம் யாரு ஊட்டினா?”

வாய் மூடிக்கொண்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“டிப்போவுல நாங்க எல்லாம் ரெண்டு மேசையச் சேத்துப் போட்டுத்தான் சாப்பிடுவோம். ஒருத்தன் டப்பாவுல இன்னொருத்தன் கைவிடுவான். உன் மட்டன் கறிக்கு அங்க அடிதடியே நடக்கும். அதுக்கு நடுவுல போய்ச் சின்னப்புள்ள மாதிரி மேல கீழ எல்லாம் கொட்டிக்கிட்டு உக்காரச் சொல்றியா?”

“இதுக்கா? இதுக்கா வேலைக்குப் போகாம இருக்கீங்க? ஒரு கரண்டி எடுத்துட்டுப் போனா என்ன?”

“மொத நாள் கிண்டல் பண்ணுவானுங்க. அது பரவால்ல. ரெண்டாவது நாள் பாவம் பாப்பானுங்க. அதத்தான் என்னால தாங்க முடியாது.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா? நீ மத்தியானம் சோத்து டப்பாவோட டிப்போ கேட்டுல வந்து நிப்பே, ஊட்டிவிட.”

நான் ஏன் வரப்போகிறேன் என்று சீற வாயெடுத்தேன். ஆனால் மார்சிலிங்கிலிருந்து எந்த பஸ்ஸைப் பிடித்தால் சாப்பாட்டு வேளைக்குப் போய்ச் சேரலாம் என்று மனம் அதற்குள் யோசிக்க ஆரம்பித்திருந்தது.

ஆனாலும் விடமுடியவில்லை. “அந்தப் பொண்ணு முன்னாடி மட்டும் கொட்டலாமாக்கும்?”

“அது யாரு எனக்கு? நான் வேலைக்குப் போயிட்டா அது வேற ஆளப் பாக்கப் போயிடும். நீ அப்படியா? நீ ஒரு தடவ பாத்துட்டேன்னா சாகற வரைக்கும் உன் கண்ணுல அதுதானே நிக்கும்.”

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அதிகமாகப் பேசியது அன்றைக்குத்தான். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தேன். தட்டை அவர் பக்கம் தள்ளினேன். “சாப்பிடுங்க. நானும் பாக்கறேன்” என்றேன்.

சாப்பிட்டார். ரசம் முழங்கைவரை வழிந்தது. ஒரு பருக்கை மீசையில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்க என் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் என் விரல்கள் மரத்துப்போய்விட்டன. அதன் பிறகு நான் ஒரு வேளைகூட ஊட்டவில்லை.

மாசக் கடைசிக்கு முன்னாலேயே வேலைக்குப் போனார். சட்டைப் பித்தானை மட்டும் நான் போட்டுவிட்டேன். மட்டன் கறியைப் பெரிய டப்பாவிலேயே கட்டிக் கொடுத்து, “சாப்பிட்டதும் போன் பண்ணுங்க” என்றேன். “ம்” என்றார்.

மத்தியானம் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தட்டு வைக்கும்போதும் என் கண் போன் மேலேயே இருந்தது. சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது. போன் வரவில்லை. சரி, அவளிடம்தான் முதலில் பேசியிருப்பார், எனக்கெல்லாம் அப்புறம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போது போன் அடித்தது. எடுத்தால், அந்தப் பெண்.

“அக்கா, அண்ணே சாப்பிட்டதும் மெசேஜ் பண்றேன்னு சொன்னாரு. இன்னும் ஒண்ணும் வரல. உங்களுக்குப் பேசினாராக்கா?”

“இல்லையே. உனக்குப் பேசியிருப்பாருன்னுல்ல நெனச்சேன்.”

“நானே கால் பண்ணிப் பாத்துட்டேன்க்கா. எடுக்கவே இல்ல.”

அவள் குரல் தொங்கிப்போயிருந்தது. இத்தனை மாதமாக என் குரல் இப்படித்தான் இருந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“விடும்மா. அங்க கறிக்கு அடிதடி நடந்துக்கிட்டிருக்கும்” என்றேன்.

அவளும் சிரித்தாள். போனை வைக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. அங்கே இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, நான் முகம்கூடப் பார்த்திராத ஆட்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவர் கை நடுங்குவதை, சட்டையில் சிந்துவதை, அவர் சிரிப்பதை எல்லாம் அவர்கள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வயிறு எரிந்தது எனக்கு.