கறுப்புச் சட்டையும் கீழக் கோபுரத்துக் கொடியும்

கஞ்சி போட்ட கதர்த் துணிமேல் சூடான இஸ்திரிப் பெட்டி ஏறும்போது ஒரு வாசனை வரும். சோறு லேசாக அடிப்பிடித்த மாதிரி... ஆகஸ்ட் பதினான்காம் தேதி சாயங்காலம் சிதம்பரத்தில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான்.

அம்மா இரண்டு சட்டைகளுக்கு இஸ்திரி போடுவாள். வெள்ளைக் கதர் கடலூர் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கறுப்பு, அப்பாவுடையது. கறுப்புக்குக் கஞ்சி கிடையாது, போட்டால் திட்டுத் திட்டாக வெள்ளை தெரியும். ஒரே பெட்டி, ஒரே கரி. சட்டைகளுக்குள் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

சட்டைக்காரர்கள் கதை வேறு.

மாமா இளவட்டத்தில் வெள்ளைக்காரன் போலீஸிடம் அடி வாங்கி, கடலூர் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர். முதல் சுதந்திர தினத்தன்று சிதம்பரம் கோயிலின் கீழக் கோபுரத்து உச்சியில் கொடி ஏறியதைக் கண்ணால் பார்த்தவர். கொடியை வெள்ளித் தட்டில் நடராஜர் முன்னால் வைத்துப் பூஜை செய்து, மேளத்தோடு கொண்டுவந்து கோபுரத்தின்மேல் ஏற்றுவார்கள். இன்றைக்கும் நடக்கிறது. மாமா ஒரு வருஷம்கூட விட்டதில்லை. முதல் நாளே பஸ் பிடித்து வந்துவிடுவார்.

அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சாமி இல்லை என்கிற கட்சி. அவருக்கு ஆகஸ்ட் பதினைந்து துக்க நாள். அன்றைக்குக் கீழ வீதிப் பக்கமே தலைவைக்க மாட்டார். நிமிர்ந்து பார்த்தால் கோபுரத்தைக் கும்பிட்டதாக ஊர் சொல்லிவிடுமாம்.

"வெள்ளக்காரன் போயிட்டான், ஒத்துக்கறேன். மேல் சாதி, கீழ் சாதி எப்ப மச்சான் போவும்?" என்பார் அப்பா.

"ஒண்ணொண்ணாத்தான் போவும் மச்சான்" என்பார் மாமா.

"கொடிக்கு எதுக்குய்யா கற்பூரம்?"

"ஆயுத பூசைக்கு உன் கடையில பொரி வாங்குனியே, அது எதுக்கு?"

"அது பசங்க கேட்டாங்க..."

அம்மா தட்டு வைத்தால்தான் வாய் ஓயும்.

நான் காலேஜில் சேர்ந்த வருஷம் மாமாவுக்குச் சர்க்கரையில் பார்வை போய்விட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். இந்தத் தடவை வரமாட்டார் என்றுதான் இருந்தோம். கண்டக்டர் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். அன்றைக்கு இஸ்திரி போடும்போது அம்மாவுக்குத் துணியில் தண்ணீர் தெளிக்கிற வேலையே இல்லை. அப்படி அழுதாள்.

காலையில் அப்பாவிடம் சொன்னாள். "கூட்டத்துல அவுரு தடுமாறுவாரு. நீங்களும் போங்க." கேட்கவில்லை, சொன்னாள்.

அப்பா வந்தார். கறுப்புச் சட்டையோடு கீழ வீதியில், கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, பூட்டிக் கிடந்த ஒரு பாத்திரக் கடையின் கதவைப் பார்த்தபடி நின்றார். எனக்கு என்.சி.சி. பரேடுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்திருந்த மாமா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏறிடுச்சாடா?"

மூன்று தடவை இல்லை என்றேன். நாலாவது தடவை, "ஏறிடுச்சு மாமா" என்றேன்.

மாமா விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். எதிரில் இருந்தது டீக்கடை.

அப்பாவுக்கு எது பொறுத்தாலும் பொய் பொறுக்காது. "கூட்டம் இன்னும் கையே தட்டல, அதுக்குள்ள எங்கடா ஏறிச்சு? கண்ணு தெரியாத மனுஷங்கிட்டயா பொய் சொல்ற?"

சொல்லிவிட்டுத் திரும்பினார். நிமிர்ந்து பார்த்தார்.

மாமாவின் தோளைப் பிடித்துக் கோபுரத்துப் பக்கம் திருப்பி நிறுத்தினார். "இன்னும் ஏறல மச்சான். நாலு பேரு மேல நிக்கறாங்க... கட்டறாங்க... ஏறிடுச்சு. காத்து இல்ல, தொங்குது. இரு, அவசரப்படாத... ம்... இப்ப பறக்குது மச்சான்."

கூட்டம் கை தட்டியது. மாமா சல்யூட் அடித்த கையை இறக்கவே இல்லை. கன்னத்தில் வழிந்ததை அப்பாதான் துடைத்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கம்தான்.

திரும்பி வரும்போது மாமா சிரித்தார். "அப்ப கோபுரத்தப் பாத்துட்ட."

"கொடியத்தான் பாத்தேன்."

அடுத்த ஆகஸ்டுக்கு மாமா இல்லை. அம்மா ஒரே ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டாள். விடிந்ததும் அப்பா கிளம்பினார். பேப்பர் வாங்கப் போகிறாராம். பேப்பர் வாசலிலேயே கிடந்தது... அம்மா அதைச் சத்தமில்லாமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "சரி" என்றாள்.

வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"பறந்துச்சா?" என்றாள் அம்மா.

"ம்."

இப்போது நான் இருப்பது கடலூரில். என் மனைவியின் அண்ணன் இருப்பது சிதம்பரத்தில், கீழ வீதிக்குப் பக்கத்திலேயே. எலெக்‌ஷன் சமயத்தில் ஒரு ஃபார்வர்ட் மெசேஜ், எழுதியது யாரென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்காக ஃபேமிலி குரூப்பில் முட்டிக்கொண்டு, இரண்டு பேரும் குரூப்பை விட்டே வெளியே வந்தோம். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அப்பாவும் மாமாவும் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டார்கள். ஆனால் பஸ் பிடித்து நேரில் வந்து சண்டை போட்டார்கள்.

இந்த ஆகஸ்ட் பதினைந்து காலையில் போனை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

ஐந்தாவது ரிங்கில் எடுத்தார். நான்தான் முதலில் கேட்டேன்.

"மச்சான்... கொடி ஏறிடுச்சா?"

அந்தப் பக்கம் கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

"லைன்லயே இரு மச்சான். பாத்துட்டுச் சொல்றேன்."