உப்பில்லாத கொத்சுக்கு ஐந்து நட்சத்திரம்

கடலூர் முதுநகர் ராஜவேலின் மூக்கைப் பற்றி ஊரில் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி நம்பும்படியாக இருக்காது. ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றால் போதும், கேட்டுக்கு அந்தப்பக்கம் எந்த வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிறது, அது சங்கராவா கிழங்கானா, புளி புதுசா பழசா என்று ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். ஒருமுறை கண்டக்டர் பந்தயம் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்தாராம். போனவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் திரும்பினார். அதுவரைக்கும் கேட்டும் திறக்கவில்லை, ரயிலும் வரவில்லை. ராஜவேலுக்கு ஜலதோஷம் பிடித்த நாளில் மட்டும்தான் முதுநகர் கருவாட்டுக் கடைகளில் பழைய சரக்கை வெளியே எடுப்பார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

பிழைப்பு என்னவோ கிரைண்டர் மெக்கானிக். ஓட்டல்களில் மாவாட்டுகிற பெரிய கிரைண்டருக்குப் பெல்ட் மாற்றுவது, தேய்ந்த கல்லைக் கொத்திக் கொடுப்பது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் அவர் கை படாத கிரைண்டர் குறைவு. மற்றவர்கள் ஓட்டலுக்கு முன்வாசல் வழியாகப் போனால் இவர் பின்வாசல் வழியாகப் போகிறவர். எந்தக் கடையில் சட்னிக்குக் காலையில் உடைத்த தேங்காய், எந்தக் கடையில் முந்தின நாள் மாவுக்குப் புது மாவைக் கலந்து ஒப்பேற்றுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மச்சினன் செந்தமிழ்செல்வன் போனில் மேப்பைத் திறந்து, கடைகளுக்கு நட்சத்திரம் போட்டு எழுதலாம் என்று காட்டிய பிறகு, தெரிந்ததையெல்லாம் அதில் எழுத ஆரம்பித்தார். "இந்தக் கடையில் வடை நன்றாக இருக்கிறது. மாஸ்டர் ஊருக்குப் போகாத நாளாகப் பார்த்துப் போகவும்." அவ்வளவுதான் எழுதுவார். அது பிடித்துப்போய் ஊரே படித்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ராஜவேல் என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்தினார்கள். ஒருமுறை லால்பேட்டையில் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மனசு தாளாமல் அந்த வீட்டுக்கே மேப்பில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் தூக்குவாளியோடு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார்களாம்.

இதிலெல்லாம் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வேலை செய்த கடையானாலும் ஓசியில் சாப்பிடமாட்டார். எழுதச் சொல்லி யாராவது எதையாவது நீட்டினால் அந்தக் கடையைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டார். ராஜவேல் சொன்னால் அது ராஜவேலின் நாக்கு சொன்னது, வேறு எதுவும் சொல்ல வைத்ததில்லை என்று ஊர் நம்பியது. சொத்து என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது அந்த நம்பிக்கையைத்தான்.

அப்படிப்பட்டவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுக்கையில் போட்டுவிட்டுப் போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. ரசம் வெந்நீராக இருந்தது. ஊறுகாய் ஏதோ ஈரத் துணிபோல இருந்தது. மஞ்சக்குப்பத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, "வரலாம், மெதுவா வரும். சில பேருக்கு வராமலும் போயிடுது" என்றார். ராஜவேல் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி ரேகாவிடமும் சொல்லவில்லை. மூக்கில்லாத ராஜவேல் யார் என்று அவருக்கே தெரியவில்லை; மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது?

அதனால் கண்ணால் சாப்பிடப் பழகினார். குழம்பில் எண்ணெய் பிரிந்து நிற்கிறதா, தோசை ஓரம் முறுகியிருக்கிறதா, பக்கத்து இலைக்காரர் இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டார். மற்றதைப் பழைய ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டு எழுதினார். நான்கு மாதம் ஓடியது. ஒருவருக்கும் தெரியவில்லை. எழுத்து முன்பைவிட நன்றாக இருக்கிறது என்றுகூட இரண்டு பேர் சொன்னார்கள்.

சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கனிமொழியும் கதிரவனும் ‘கனி மெஸ்’ திறந்தார்கள். கீரப்பாளையத்து ஜோடி. பத்து வருஷம் அடுத்தவர் அடுப்பில் நின்ற கதிரவன் முதல்முறையாகச் சொந்த அடுப்பு மூட்டுகிறார். கிரைண்டரைப் பொருத்திக் கொடுத்தது ராஜவேல்தான். திறந்த அன்று காலை முதல் பந்தியில் உட்கார்ந்து இட்லியும் கொத்சும் வாங்கினார். கொத்சைப் பார்த்தார். கத்தரிக்காய் கரைந்து, நல்லெண்ணெய் மேலே மினுமினுத்து, வறுத்துப் பொடித்த மல்லி நிறமாக நின்றது. சிதம்பரத்துக்காரர்கள் கொத்சு விஷயத்தில் தப்பு செய்யமாட்டார்கள் என்ற தைரியத்தில் அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: "இந்தக் கொத்சில் உப்பும் புளியும் அளந்து வைத்தாற்போல் நிற்கின்றன. யோசிக்காமல் போகலாம்." ஐந்து நட்சத்திரம். காசைக் கொடுத்துவிட்டு, கிள்ளையில் ஒரு ஓட்டலில் கல் கொத்தக் கிளம்பிப் போய்விட்டார்.

கொத்சில் உப்பே இல்லை.

கதிரவன் போட்டிருப்பார் என்று கனிமொழி இருந்தாள். கனிமொழி போட்டிருப்பாள் என்று கதிரவன் இருந்தார். முதல் நாள் பதற்றம். முதல் பந்தியில் நாலைந்து பேர் முகத்தைச் சுளித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இருவரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, உப்பைக் கரைத்து ஊற்றிச் சரி செய்தார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதே பெஞ்சில் சாப்பிட்ட ஒருவர் மேப்பில் ராஜவேல் எழுதியதைப் பார்த்துவிட்டு, கீழே எழுதினார்: "நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உப்பே போடாத கொத்சு. எவ்வளவு வாங்கினீர்கள், சார்?"

மறுநாள் செந்தமிழ்செல்வன் போனைத் தூக்கிக்கொண்டு முதுநகருக்கு ஓடி வந்தான்.

"மாமா, இத பாத்தீங்களா? அவன் அவன் கிழிச்சித் தொங்க விட்டிருக்கான். காசு வாங்கிக்கினு எழுதுறீங்களாம்."

"எழுதுறவன் எழுதிட்டுப் போறான், விடு மச்சான்."

"என்னா விடு? பழசெல்லாம் தோண்டறானுங்க. நீங்க புகழ்ந்து எழுதுன முட்லூர் பரோட்டா கடை உங்களுக்குப் பங்காளியான்னு ஒருத்தன் கேக்கறான். அன்னிக்கு என்னாதான் ஆச்சு? வாய்ல வச்சிப் பாத்தீங்களா இல்லியா?"

ராஜவேல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். காசு வாங்கினேன் என்று நினைத்துக்கொள்ளட்டும். நாக்கு இருப்பதாகவாவது நினைப்பார்கள் அல்லவா என்று அவர் மனசுக்குள் ஒரு மூலை சொன்னது. அப்படி ஒரு மூலை தனக்குள் இருப்பது தெரிந்து அவருக்கே திடுக்கென்றது.

மத்தியானம் கனிமொழி போன் செய்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சிக்க மாட்டீங்களே? பாவம் பாத்து எழுதுனீங்களா?"

"அப்பிடியெல்லாம் இல்லம்மா."

"காலேஜ் பசங்க வந்து, அவருக்கு எவ்ளோ குடுத்தீங்கக்கான்னு சிரிச்சிக்கினே கேக்கறாங்க. இவுரு அடுப்பாண்டயே திரும்பி நின்னுட்டாரு, வெளியவே வரல. உப்பு இல்லன்னு நீங்க எழுதியிருந்தாகூட எங்களுக்கு வருத்தம் இல்லண்ணே. மறந்துட்டோம், அது எங்க தப்பு. ஆனா இப்ப நாங்க நல்லா சமைச்சாலும் அது காசு குடுத்து வாங்குன பேருன்றாங்க."

வைத்துவிட்டாள். ராஜவேல் போனைக் கையில் பிடித்தபடியே சமையலறை வாசலில் போய் நின்றார். ரேகா அடுப்படியில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, யாரோ ஒரு கேரளத்துப் பெண் வறுத்த தேங்காய் அரைத்து இறால் தீயல் செய்வதைப் பார்த்து அப்படியே செய்துகொண்டிருந்தாள். முன்பெல்லாம் இந்த வீட்டில் இப்படி ஒரு குழம்பு ஏறினால், மூடியைத் திறப்பதற்குள் வாசலிலிருந்தே, "இது எந்த ஊர்க் கொழம்பு?" என்று விசாரணை தொடங்கிவிடும்.

"ரேகா, ஒரு விஷயம்."

"ருசி தெரியலன்னுதானே? சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"உனக்கு எப்பிடி..."

"அன்னிக்கு மொளகாத்தூள்னு நெனச்சி மல்லித்தூளையே ரெண்டு தடவ போட்டுட்டேன். எனக்கே தொண்டைல எறங்கல. நீங்க மறுசோறு வாங்குனீங்க." வீடியோவை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "நாலு மாசமா இந்த வீட்ல சண்டையே இல்லியே, அதுலயே தெரிலயா எனக்கு?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

ரேகா கரண்டியைக் கழுவினாள். அவசரப்படாமல் கழுவினாள்.

"கேட்டிருக்கணும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறம்..." கொஞ்சம் சிரிப்பு வந்தது அவளுக்கு. "அப்புறம் எனக்கும் நல்லாருந்துச்சி. தெனம் ஒண்ணு பாத்து செஞ்சேன். பலாக்கொட்ட குருமா, தேங்காப்பால் ஊத்தி நண்டு, ஆந்திராக்காரங்க கோங்குரா. நல்லா வந்தா நானே நல்லாருக்குன்னு சொல்லிக்கினேன். நல்லால்லன்னா நானே மறுபடி செஞ்சேன். இருவது வருஷமா ஊர்ல ஒரு கடை பாக்கி இல்லாம சாப்ட்டு வந்து, அங்க அப்பிடி, இங்க இப்பிடின்னு சொன்னீங்க. ஒரு தடவ என்னைக் கூப்ட்டுக்கினு போயிருக்கீங்களா?"

வேலைக்குப் போகிற இடத்துக்கு மனைவியை எப்படிக் கூட்டிப்போவது என்று அவர் எப்போதோ ஒரு காரணம் வைத்திருந்தார். அதை இப்போது எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

"இப்ப என்னா செய்யிறது?"

"தம்பி சொன்னதும் நீங்க போன்ல பேசுனதும் காதுல விழுந்துச்சி. எழுதிடுங்க. ருசி போச்சின்னு எழுதுனா உங்களுக்கு வெக்கம், அவ்ளோதான். எழுதலன்னா குடுக்காத காசுக்கு அந்தப் பொண்ணு பழிய சொமக்கணும்."

"ராஜவேல்னு அப்புறம் யாரு கேப்பாங்க?"

"கிரைண்டர் ரிப்பேர் ஆனவன் கேப்பான்," என்றாள் ரேகா. "உக்காருங்க. சோறு ஆறுது."

அவர் உட்காரவில்லை. வாசற்படியில் போய் நின்று எழுதினார். நான்கு வரி எழுதி அழித்தார். காய்ச்சலைப் பற்றி நீளமாக எழுதினார், அது இரக்கம் கேட்பதுபோல் இருந்தது, அதையும் அழித்தார். கடைசியில் நின்றது இதுதான்:

"கனி மெஸ்ஸில் நான் சாப்பிட்டபோது கொத்சில் உப்பு இல்லை. அது எனக்குத் தெரியவில்லை. நான்கு மாதமாக எனக்கு ருசியும் வாசனையும் இல்லை. இந்த நான்கு மாதத்தில் நான் எழுதிய எதையும் நம்பாதீர்கள். யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. ராஜவேல்."

ஊர் உடனே உருகிவிட்டது என்று சொன்னால் அது கதையாகிவிடும். "நல்லா சமாளிக்கிறார்" என்று ஒருவர் எழுதினார். அப்படியானால் முட்லூர் பரோட்டா எந்த மாதக் கணக்கு என்று இன்னொருவர் விடாமல் கேட்டார். மற்றவர்கள் வைத்தியம் சொன்னார்கள். கட்டிப் பெருங்காயத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கச் சொன்னார் ஒருவர். பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு அம்மாள், தன் வீட்டுக் காரப்பொடி மீன் கருவாட்டை வறுத்தால் செத்த மூக்கும் எழுந்து உட்காரும், தன் தெருவில் ஏற்கெனவே இரண்டு மூக்கு எழுந்திருக்கிறது என்று விலாசத்தோடு எழுதியிருந்தார். கனிமொழி ஒன்றும் எழுதவில்லை. "வாங்கண்ணே" என்று மட்டும் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

அடுத்த முறை சிதம்பரம் போனபோது ரேகாவும் பஸ்ஸில் ஏறினாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். மெஸ்ஸில் கூட்டம் சுமார்தான். காலேஜ் பையன்கள் ஒரு மேசை, நீதிமன்றத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் ஒரு மேசை. கதிரவன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ராஜவேலைக் கண்டதும் கரண்டியோடேயே கும்பிட்டார். கனிமொழி இரண்டு இலை போட்டாள். இட்லி, கொத்சு. வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

ரேகா ஒரு விள்ளல் எடுத்துத் தொட்டு வாயில் போட்டாள். ராஜவேல் போனை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார். அவள் சொல்வதை அவள் பேரிலேயே எழுதுவதென்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார்.

"எப்பிடி?"

"இருங்க, சாப்புடறேன்."

இன்னொரு விள்ளல். கத்தரிக்காயைத் தனியாக எடுத்துச் சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். கொத்சு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். கனிமொழி ஊற்றிவிட்டு, அவள் முகத்தையே பார்த்துவிட்டு, வேறு மேசைக்குக் கூப்பிட்டதால் போனாள்.

"சொல்லு, எழுதிடறேன்."

"எழுதாதீங்க."

"ஏன், நல்லால்லியா?"

"ஒரு நாள் சாப்ட்டுட்டு ஒரு கடைய எப்பிடிங்க சொல்றது? அன்னிக்கு உப்பு இல்ல, அதுவும் ஒரு நாள்தான். இன்னிக்கு இருக்கு, இதுவும் ஒரு நாள்தான். இன்னும் ரெண்டு மூணு தடவ வந்து பாக்கணும். மழ நாள்ல வரணும். அடுப்புல நிக்கிறவருக்கு ஒடம்பு சரியில்லாத அன்னிக்கு அந்தப் பொண்ணு மட்டும் சமைச்சா எப்பிடின்னு பாக்கணும்."

"அவ்ளோ தடவ வரணுமா?"

"பஸ்ஸு தெனமும்தானே ஓடுது?"

ராஜவேல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தன் இலையில் இருந்த இட்லியைப் பிட்டுக் கொத்சில் தோய்த்து வாயில் வைத்தார். சூடு தெரிந்தது. மெத்தென்று இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பக்கத்து மேசைப் பையன்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தன்னைப் பற்றியா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றி, பார்க்காமல் இருந்தார்.

"ஊருக்கு வேணாம்," என்றார். "எனக்கு மட்டும் சொல்லேன்."

ரேகா விரலை இலை ஓரத்தில் வழித்துவிட்டு, அடுத்த மேசைக்குக் கேட்காதபடி கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்தாள்.

"மொதல்ல புளிதான் தெரியுது," என்று ஆரம்பித்தாள். "ஆனா நம்ம வீட்டுப் புளி மாதிரி வெடுக்குன்னு இல்ல..."

அவர் மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.