ஏழே முக்காலுக்கு வந்த தாமதம்

டைம் ஆபீஸ் வேலை என்பது, மற்றவர்கள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதிவைத்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது. இந்த நாற்காலியில் குப்பை கொட்டும் சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்த நான், திருக்கோகர்ணம் தாண்டி ஒரு தையல் ஆலையில் கிளார்க்காகச் சேர்ந்தேன்.

பிடித்தம்

முதல் மாதமே சம்பளச் சீட்டைத் தமிழில் அடித்துக் கொடுத்தேன். அடுத்த நிமிடம் பாக்கியம் அக்கா சீட்டோடு வந்துவிட்டார். குடுமியான்மலைக்காரர். தையல்காரர்கள் உட்காரும் முன் மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, நூல்கண்டு மாட்டி வைப்பது அவர் வேலை. சீட்டில் 'பிடித்தம்' என்ற இடத்தில் விரலை வைத்தார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புடிச்சது நீங்க. எனக்குப் புடிக்கவே இல்லையே சார், அப்புறம் எப்படிங்க இது பிடித்தம்?"

துக்கச் செய்தி

'ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேலோ ஆற்றும் மிகைநேரப் பணிக்கு இரட்டிப்பு ஊதியம்' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். இரண்டு நாள் ஒருவரும் அங்கிட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் தையல் பிரிவு ரமீஜா நின்று படித்து, "ஓ.டி.க்கு டபுள் சம்பளமாம்டி!" என்று கத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. பிறகு என்னிடம் வந்து, "மொதல்லயே ஓ.டி.ன்னு எழுதக் கூடாதா சார்? நீங்க எழுதுன தமிழப் பாத்து, யாரோ போயிட்டாங்கன்னுல்ல நெனச்சோம்!"

ஓ.பி.யா, ஓ.டி.யா?

பலகையைப் படித்த பாக்கியம் அக்காவுக்கு ஒரு சந்தேகம். எட்டு மணி நேர ஷிஃப்ட் தொடங்குவது காலை எட்டு மணிக்கு. அவர் வருவது ஏழரைக்கு. அந்த அரை மணி என்ன கணக்கு? தினப்படி பார்த்தால் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டாது. ஆனால் ஆறு நாளையும் கூட்டினால் நாற்பத்தெட்டைத் தாண்டி மூன்று மணி நேரம் நிற்கிறது. விரல் வைக்கும் மெஷினை எட்டு மணிக்குத்தான் போடுவார்கள் என்பதால் பதிவு எதுவும் இல்லை.

விஷயத்தை மேனேஜரிடம் சொன்னேன். அவர் சாட்சி கேட்டார். சூப்பர்வைசர் அந்தோணி, "டவுன் பஸ் சீக்கிரம் வந்துருது. அந்தம்மா உள்ள ஒக்காந்து ஓ.பி. அடிக்குது சார்" என்றார். பாக்கியம் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டார்: "நான் ஓ.பி. அடிக்கிறேன்னா, தெனமும் எண்ணெய் போடுறது யாருண்ணே, முனியா?"

மெமோ

அடுத்த வாரமே, திங்கட்கிழமை, பஸ் வழியில் நின்றுபோனது. எட்டு மணிக்கு மெஷின்கள் தயாராகவில்லை. கோபத்தில் அந்தோணி பாக்கியம் அக்காவுக்கு ஒரு மெமோ கொடுத்து, நகலை எனக்கு அனுப்பினார். எதைப் படித்தாலும் முதலில் எண்களைப் பார்ப்பது என் பழைய பழக்கம். 'இன்று காலை 7.45க்கு, அதாவது பதினைந்து நிமிடம் தாமதமாகப் பணிக்கு வந்துள்ளீர்கள்.' கீழே கையெழுத்து, சீல்.

ஏழரைக்கே வேலை என்பதற்கு நீங்கள் கேட்ட சாட்சி இதோ என்று மேனேஜரிடம் கொண்டுபோனேன். இரண்டு முறை படித்தார். அந்தோணியைக் கூப்பிட்டு, "ஏய்யா, எட்டு மணி ஷிஃப்ட்டுக்கு ஏழே முக்கால் எப்படிய்யா லேட்டு?" என்று கேட்டபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தோணி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மாதச் சீட்டில் பாக்கியம் அக்காவுக்கு ஓ.டி. ஏறியது, பழைய பாக்கியோடு. விரல் மெஷினும் ஏழரைக்கே விழித்துக்கொள்ள ஆரம்பித்தது. தையல் பிரிவு முழுக்க லட்டு. முதல் லட்டை அந்தோணி கையில் வைத்துப் பாக்கியம் அக்கா சொன்னார்: "லேட்டுன்னு நீங்க எழுதுனாத்தான் நான் சீக்கிரம் வாரது தெரியுதுன்னா, மாசத்துக்கு ஒரு மெமோ குடுங்கண்ணே!"

சம்பளச் சட்டத்தில் எத்தனையோ பிரிவுகள் உண்டு. எங்கள் ஆலையில் அதை அமலுக்குக் கொண்டுவந்தது சூப்பர்வைசரின் கோபம்.