எட்டுத் தறிக்கு மேலே ஏழு பேர்

எண்பதுகளின் நடுவில், வாடகைக்கு வீடு தேடி இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலுமாகப் பதினாறு வீடுகள் பார்த்தேன். எல்லா வாசலிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “எத்தன பேரு?” ஏழு என்றதும் கிணறு வற்றிவிடும், அல்லது தங்கள் உறவினர் யாரோ குடிவரப்போவது வீட்டுக்காரர்களுக்கு நினைவு வந்துவிடும்.

நான் அப்போது இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் ஸ்டோர் குமாஸ்தா. மனைவியும், மூன்று பெண்களும் இரண்டு பையன்களும் மகாராஜபுரத்தில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மூத்தவள் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். மேலே படிக்க பஸ் ஏறிப் போக வேண்டும். பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப மாமனார் சம்மதிக்கவில்லை. ஜூன் மாதத்துக்குள் எல்லோரையும் அழைத்துவராவிட்டால் அவள் படிப்பு அத்தோடு முடிந்தது. இருபத்தாறு நாட்கள்தான் மீதமிருந்தன.

பதினாறாவது வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டு அறை, கிணற்றடி, என் சம்பளத்துக்கு ஏற்ற வாடகை. கேள்வி வந்தபோது நாலு பேர் என்று சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டேன். பையன்களை முதலில் கூட்டிவருவது, பெண்களைப் பிறகு ஒவ்வொருத்தியாக, லீவுக்கு வருவதுபோல் வரவழைப்பது என்பது என் திட்டம். ஊருக்குப் போய் மனைவியிடம் பெருமையாகவே சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

“எந்த மூணு பேர விட்டுட்டு எண்ணுனிய?”

மூத்தவள் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் உண்மையைச் சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார், சும்மா கொடுக்கவில்லை. “மில்லுல நீரு கணக்குப் பாக்குற ஆளாக்கும்? நாலுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியலயே” என்றார். வாங்கிக்கொண்டேன்.

பதினேழாவது வீடு இராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கூடத்தின் மாடி. பதினான்கு படிகள், எட்டாவது படி உடைந்திருந்தது. தறிச் சத்தத்துக்குப் பயந்து யாரும் குடிவராததால் வாடகை பாதி. முதலாளி வாய் திறக்கும் முன் நானே கத்திச் சொன்னேன்: “ஏழு பேரு. அஞ்சும் பிள்ளைக.”

அவர் சிரித்தார். “கீழ எட்டு தறி ஓடுது சார். ஒங்க பிள்ளைக சத்தம் எனக்கு எங்க கேக்கப்போவுது?”

அங்கே பதினோரு ஆண்டுகள் இருந்தோம். எனக்குக் குறைகள் பல: பஞ்சுத் தூசி, எட்டாவது படி, மாடிக்கு நானே சுமந்த குடங்கள். ஆனால் ஐந்து பேரும் அந்தச் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பிப் படித்தார்கள். மூத்தவள் இன்று பள்ளி ஆசிரியை. அவள் பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சு வரை கேட்கிறதாம். தலைமையாசிரியரே என்னிடம் சொன்னார். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதை மட்டும் எண்ணவில்லை.

அந்த முகவரியில் வாங்கிய ரேஷன் அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் ஏழு பெயர்கள். தொண்ணூறுகளில் பெண்கள் கல்யாணமாகிப் போனபோது மூன்று பெயர்களைச் சிவப்பு மையால் அடித்தார்கள். அடித்தது தாலுகா ஆபீஸ், நான் இல்லை.